பேஸ்பால், நிறவெறி, சினிமா, சிம்பொனி: ஒரு ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகக் கேன்டீனிலும் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சென்னையில் பிறந்து வளர்ந்தவருக்கு பேஸ்பால் எப்படி ஒட்டிக்கொண்டது?

இரவுப் பணியால். அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலை. அக்டோபரில் அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியன் தொடரான வேர்ல்ட் சீரிஸ் ஆட்டம் அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் இங்கே விடியற்காலை ஐந்தரை. ஷிப்ட் முடிந்து கேப் வரும்வரை நண்பன் ஒருவன் கைபேசியில் ஆட்டத்தை ஓடவிடுவான். முதல் சீசன் முழுக்க எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவது சீசனில் பிடிபட்டது. அதற்குப் பிறகு விட முடியவில்லை.

அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். 1955 செப்டம்பர் 28, யாங்கி ஸ்டேடியம், வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம். மூன்றாம் பேஸில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் நிற்கிறார். வயது 36, தலை நரைத்துவிட்டது, உடம்பும் கனத்துவிட்டது. மூன்று பேஸையும் சுற்றிவந்து கடைசியாக ஹோமைத் தொட்டால் ஒரு ரன். அங்கிருந்து ஹோம் 90 அடி. பேட்டர் பந்தை அடித்தால் ஓடி வரலாம். அடிக்காமலே, பிட்சர் வீசத் தொடங்கும் கணத்தில் கிளம்பி, பந்து வந்து சேருவதற்குள் ஹோமைத் தொட்டுவிடவும் ஆட்டத்தில் இடம் உண்டு. ஹோமைத் திருடுவது என்பார்கள். அதற்குத் துணிகிறவர்கள் மிகச் சிலர். ராபின்சன் கிளம்பினார். எதிரணிக் கேட்சர் யோகி பெரா பந்தைப் பிடித்துக் கையுறையைத் தரையோடு இறக்குகிறார், புழுதிக்குள்ளிருந்து ராபின்சனின் கால் நீள்கிறது, நடுவர் இரண்டு கைகளையும் விரிக்கிறார்: சேஃப்! பெரா துள்ளிக் குதித்து நடுவரோடு சண்டைக்குப் போகிறார். அவர் அவுட்தான் என்று சாகும்வரை பெரா சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் 6-5 என்று தோற்றது. சீரிஸை வென்றது. பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அந்தச் சில விநாடிகளை நூறு முறையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அவர் எப்போது கிளம்புகிறார் என்றுதான் பார்க்கிறேன். கண்ணுக்கு அகப்படுவதில்லை.

கறுப்பினத்தவர் ஆடக் கூடாது என்று சட்டம் இருந்ததா?

இல்லை. இந்தக் கதையில் என்னை உலுக்கியதே அதுதான். 1884-லேயே டொலிடோ அணிக்காக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினக் கேட்சர், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஆடினார். அதற்குப் பிறகு உரிமையாளர்களுக்குள் ஒரு பேசாத உடன்பாடு. 1947 வரை அறுபது வருடத்துக்கு மேல் ஒரு கறுப்பரும் உள்ளே வரவில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு வரி கிடைக்காது. பேஸ்பால் ஆணையர் கெனஸா மவுண்டன் லாண்டிஸ், அப்படி ஒரு தடை எழுத்திலும் இல்லை, பேச்சிலும் இல்லை என்று 1942-ல் அறிவிக்கவே செய்தார்.

படித்தபோது எனக்கு எங்கள் வாடகை வீட்டு வேட்டை ஞாபகம் வந்தது. ஒரு வீட்டு ஓனர் வாய் நிறையச் சிரித்துப் பேசினார், மோட்டார் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்றுகூடக் காட்டினார். கடைசியில், “தம்பி, நீங்க என்ன ஆளுங்க?” என்றார். சொன்னேன். “அடடா, நேத்துதான் வேற ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாங்க” என்றார். ஒரு மாதம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனபோதும் டு-லெட் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. எழுதி வைத்த விதியென்றால் கோர்ட்டுக்குப் போகலாம், கிழித்துப் போடலாம். எழுதாத விதியை எங்கே போய்ப் பிடிப்பது?

சினிமா, பாட்டு, விளையாட்டு மூன்றையும் ஏன் ஒன்றாகவே பேசுகிறீர்கள்?

பால் ராப்சன் என்ற ஒரே மனிதருக்குள் மூன்றும் இருந்தன. இந்தப் பக்கத்தை எழுதுவதே பாதி அவருக்காகத்தான்.

1898 ஏப்ரல் 9-ல் நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் பிறந்தார். அப்பா அடிமையாகப் பிறந்து, பதினைந்து வயதில் தப்பி ஓடி, பிறகு சபைப் போதகர் ஆனவர். ராப்சன் உதவித்தொகையில் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அமெரிக்கக் கால்பந்தில் நாட்டின் மிகச் சிறந்த வீரர்கள் பட்டியலில் இரண்டு ஆண்டுகள் இடம்பிடித்தார். பேஸ்பாலில் கேட்சர். 1916-ல் ஒரு தெற்கத்திய கல்லூரி அணி, கறுப்பன் இறங்கினால் ஆட மாட்டோம் என்றது. அவருடைய சொந்தக் கல்லூரி அவரை உட்கார வைத்துவிட்டு ஆடியது. சட்டம் படித்து வேலைக்குப் போனார். அங்கே ஒரு வெள்ளைக்கார ஸ்டெனோ, இவர் சொல்லி நான் எழுத மாட்டேன் என்றார். அத்தோடு வக்கீல் தொழிலை விட்டு மேடைக்கு வந்தார்.

ஆபராப் பாடகர்களுக்கு இணையான அடித்தொண்டைக் குரல். 1925-ல் நியூயார்க்கில், அடிமைகளின் பக்திப் பாடல்களை மட்டுமே கொண்டு முழுக் கச்சேரி ஒன்றைப் பாடினார். அதுவரை அந்தப் பாடல்கள் கச்சேரியின் கடைசியில் துக்கடா மாதிரி வருபவை. சினிமாவில் நடித்தார், பெயர் வாங்கினார். ஆனால் கறுப்பர்களை அசடுகளாகக் காட்டும் வேடங்களே திரும்பத் திரும்ப வந்ததால் 1942-க்குப் பிறகு ஹாலிவுட்டை அடியோடு விட்டார். அடுத்த ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் ஒத்தெல்லோ. 296 காட்சிகள் ஓடியது. அங்கே ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அதுவரை அவ்வளவு ஓடியதில்லை.

அந்த நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான், 1943 டிசம்பரில், பேஸ்பால் உரிமையாளர்கள் கூட்டத்துக்குப் போய் நின்றார். கறுப்பர் ஒத்தெல்லோவாக நடித்தால் ரகளை ஆகும் என்றார்கள், தினமும் அரங்கு நிறைகிறது. உங்கள் ஆட்டத்திலும் அப்படித்தான் ஆகும் என்று பேசினார். உரிமையாளர்கள் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போனார்கள். யாரையும் எடுக்கவில்லை.

ஜாக்கி ராபின்சன் எப்படி உள்ளே வந்தார்?

ஒரே ஒரு நல்ல மனிதரின் மனமாற்றம் என்று சொல்லும் கதையை நான் முழுதாக ஏற்பதில்லை. புரூக்ளின் டாட்ஜர்ஸின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி துணிந்தார், அது உண்மை. அதற்கு முன்பே வெண்டெல் ஸ்மித், சாம் லேசி போன்ற கறுப்பினப் பத்திரிகையாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதி எழுதிக் கதவை இடித்துவைத்திருந்தார்கள். உலகப் போரில் கறுப்பினச் சிப்பாய்களும் செத்திருந்தார்கள். ரிக்கி அணி வெல்லவும் வேண்டும், டிக்கெட்டும் விற்க வேண்டும் என்பதும் கணக்கில் இருந்தது.

1945 ஆகஸ்ட் 28-ல் ரிக்கி அவரை அழைத்துப் பேசினார். மூன்று வருடம் யார் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. ராபின்சன் பொறுத்துப் போகும் சுபாவக்காரர் இல்லை என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் இதன் கனம் தெரியும். 1944-ல் ராணுவ லெப்டினன்டாக இருந்தபோது, டெக்சஸ் முகாமில் பஸ்ஸின் பின்பக்கம் போ என்றதற்கு மறுத்து, ராணுவ நீதிமன்றம் வரை போய் விடுதலையானவர் அவர்.

1947 ஏப்ரல் 15-ல் டாட்ஜர்ஸின் மைதானமான எபட்ஸ் ஃபீல்டில் முதல் பேஸில் இறங்கினார். ஒரே வாரத்தில் பிலடெல்பியா அணி வந்தது. அந்த அணியின் மேலாளர் பென் சாப்மன், வீரர்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து வாய்க்கு வந்தபடி இனவசை பொழிந்தார். ராபின்சன் வாய் திறக்கவில்லை. அந்த சீசனில் 29 முறை பேஸ் திருடி, சிறந்த புதுமுகம் விருது வாங்கினார்.

அந்த மே மாதம் நடந்த ஒரு சிறிய விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பிட்ஸ்பர்க்கின் முதல் பேஸ்மேன் ஹேங்க் கிரீன்பெர்க், யூதர். டெட்ராய்ட்டில் ஆடிய காலத்தில் யூத வசைகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர், 1938-ல் 58 ஹோம் ரன் அடித்தவர். ஓடிவந்த ராபின்சனும் அவரும் மோதிக்கொண்டார்கள். அடுத்த முறை பேஸில் பக்கத்தில் நின்றபோது கிரீன்பெர்க், அடி ஏதாவது பட்டதா என்று கேட்டு, அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று ஊக்கம் சொன்னார். அந்த மாதம் எதிரணி ஆள் ஒருவரிடமிருந்து வந்த அந்த வார்த்தையை ராபின்சன் மறக்கவில்லை.

ராப்சனுக்கு எதிராக ராபின்சன் சாட்சி சொன்னாராமே?

சொன்னார். எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

1949-ல் ராப்சன் பாரிஸில் பேசியதாக ஒரு செய்தி பரவியது: சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான போரில் அமெரிக்கக் கறுப்பர்கள் சண்டையிட மாட்டார்கள் என்று. அவர் பேசியதைத் திரித்த செய்தி அது. கம்யூனிஸ்ட் வேட்டையில் இருந்த நாடாளுமன்றக் குழு ராபின்சனைக் கூப்பிட்டது. ஜூலை 18-ல் போனார். ராப்சன் அப்படிச் சொல்லியிருந்தால் அது அசட்டுப் பேச்சு என்றார். அதே வாக்குமூலத்தில், கம்யூனிஸ்டுகள் சொல்கிறார்கள் என்பதற்காக நிறவெறி பொய்யாகிவிடாது என்றும் அழுத்தமாகச் சொன்னார். மறுநாள் பத்திரிகைகள் முதல் பாதியைக் கொட்டை எழுத்தில் போட்டன, இரண்டாம் பாதியை மடித்துவைத்தன.

அந்தக் கோடையில் நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் அருகே ராப்சன் கச்சேரிக்கு வந்தவர்களைக் கும்பல் கல்லால் அடித்தது. 1950-ல் அவருடைய பாஸ்போர்ட்டை அரசு முடக்கியது. எட்டு வருடம் வெளிநாடு போக முடியவில்லை. உள்நாட்டில் அரங்குகள் கதவைச் சாத்தின. 1952-ல் கனடா எல்லையில் ஒரு லாரியின் மேல் ஏறி நின்று பாடினார். எல்லையின் இரண்டு பக்கமும் ஜனம். 1958-ல் அவருடைய 60-வது பிறந்தநாளை இந்தியாவில் கொண்டாட நேரு ஆதரவு தெரிவித்தார். அமெரிக்க அதிகாரிகள் அதைத் தடுக்கப் பார்த்தார்கள். கல்லூரிக் கால்பந்தின் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1995-ல். செத்துப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

ராபின்சனை ராப்சன் ஒரு வார்த்தை திட்டவில்லை. 1972-ல் வெளிவந்த தன்வரலாற்றில் ராபின்சன், அப்படி ஓர் அழைப்பு இப்போது வந்தால் மறுத்துவிடுவேன் என்றும், ராப்சன் மேல் மதிப்பு கூடியிருக்கிறது என்றும் எழுதினார். இரண்டு பேரில் யார் பக்கம் என்று கேட்காதீர்கள். இரண்டு பேரையும் ஒரே நாற்காலிக்காக அடித்துக்கொள்ள வைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

மேற்கத்திய செவ்வியல் இசைக்கு எப்படி வந்தீர்கள்?

இளையராஜாவின் இடையிசையில் வரும் வயலின் கூட்டத்தைப் பின்தொடர்ந்து ஜெர்மன் இசைமேதை பாக்கிடம் போனவர்கள் என் தலைமுறையில் ஏராளம். நானும் அந்த வழிதான்.

அங்கேயும் இந்த வேலி இருந்ததா?

இருந்தது. சில இடங்களில் எழுதியே வைத்திருந்தார்கள். வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹால் ஒப்பந்தத்தில் வெள்ளையர் மட்டுமே பாடலாம் என்ற ஷரத்து உண்டு. ஐரோப்பா முழுக்கக் கொண்டாடிய கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு 1939-ல் அந்த அரங்கை மறுத்தார்கள். அதை நடத்திய பெண்கள் சங்கத்திலிருந்து ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு, லிங்கன் நினைவகப் படிக்கட்டில் திறந்தவெளிக் கச்சேரி. அன்றைக்கு ராப்சனின் 41-வது பிறந்தநாளும்கூட. 75,000 பேர் வந்தார்கள்.

செய்திப்படத்தில் பாருங்கள். குளிருக்கு ஃபர் கோட்டை இழுத்துப் போர்த்தியிருக்கிறார். முன்னால் மைக் கூட்டம். கண்ணை மூடிக்கொண்டு முதல் பாட்டைத் தொடங்குகிறார், அமெரிக்கக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த தேசபக்திப் பாட்டு. மூலத்தில் “நான் பாடுகிறேன்” என்று வரும் இடத்தில் அவர் “நாம் பாடுகிறோம்” என்று பாடுகிறார். மாற்றியது அவ்வளவுதான். யாரையும் குற்றம் சாட்டவில்லை. நான் முதல்முறை கவனித்தபோது திரும்பத் திரும்பப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டேன்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா அவரை மேடையேற்றியது 1955 ஜனவரி 7-ல். அங்கே தனிவேடம் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர். அப்போது அவருக்கு 57 வயது. குரலின் உச்ச வருடங்கள் எல்லாம் அந்த வாசலுக்கு வெளியிலேயே போய்விட்டன. ராபின்சன் ஹோமைத் திருடியது அதே வருடம் செப்டம்பரில், சில மைல் தள்ளி.

திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத் தேர்வு செய்தால் பாகுபாடு போய்விடாதா?

பாதி போகும். 1970-களிலிருந்து அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் அந்த முறை பரவியது. தேர்வுக் குழுவுக்கும் வாசிப்பவருக்கும் நடுவே திரை. நடந்து வரும் செருப்புச் சத்தத்தில் பெண் என்று தெரியாமலிருக்கக் கம்பளம்கூட விரிப்பார்கள். பெண்கள் நிறைய உள்ளே வந்தார்கள். கறுப்பினத்தவர் பங்கு 2014-லும் 2 சதவீதத்தைத் தொடவில்லை. திரை, வாசிக்க வந்தவரின் முகத்தைத்தான் மறைக்கும். ஐந்து வயதில் யார் வீட்டில் வயலின் இருந்தது, யாருக்கு டியூஷன் ஃபீஸ் கட்ட முடிந்தது என்பதை மறைக்காது. ஆனாலும் திரை வேண்டும் என்பது என் கட்சி.

கறுப்பினத்தவர் எழுதிய சிம்பொனி ஏதாவது கேட்கலாமா?

ஃபிளாரன்ஸ் பிரைஸிலிருந்து தொடங்குங்கள். 1887-ல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் பிறந்தவர். இ மைனரில் அவர் எழுதிய முதல் சிம்பொனியை 1933 ஜூன் 15-ல் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியை ஒரு பெரிய அமெரிக்க ஆர்கெஸ்ட்ரா வாசித்தது அதுவே முதல் முறை. மூன்றாம் பகுதியை முதலில் போடுங்கள். தோட்டத்து அடிமைகள் கைதட்டி, தொடை தட்டி ஆடிய ஜூபா நடனத்தின் தாளம் அது. கால் தானாக ஆடும்.

பாஸ்டனின் புகழ்பெற்ற இசை நடத்துநர் கூசெவிட்ஸ்கிக்கு 1943-ல் கடிதம் எழுதினார்: எனக்கு இரண்டு குறைகள், நான் பெண், என் உடம்பில் கறுப்பர் ரத்தம் ஓடுகிறது, இரண்டையும் ஒதுக்கிவைத்து என் இசையைப் பாருங்கள் என்ற பொருளில். கூசெவிட்ஸ்கி அந்த இசையை வாசிக்கவில்லை. 1953-ல் பிரைஸ் இறந்தார். 2009-ல் இலினாயில் பாழடைந்த ஒரு வீட்டை வாங்கியவர்கள் அதைச் சுத்தம் செய்யும்போது கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. அவர் கோடையில் தங்கிய வீடு அது. மரம் விழுந்து கூரையில் ஓட்டை, வீடெல்லாம் குப்பை. நனையாத ஒரு மூலையில் இரண்டு வயலின் கான்செர்ட்டோக்கள்!

எந்தப் படங்களைப் பார்க்கலாம்?

1950-ல் வந்த ராபின்சன் வாழ்க்கைப் படத்தில் அவரே அவராக நடித்தார். நடிப்பு சுமார்தான், ஆனால் அந்த ஓட்டம் நிஜம். 2013-ல் வந்த ‘42’ படத்தில் சாட்விக் போஸ்மன் நடித்தார். கொரோனாவால் தள்ளிப்போன 2020 சீசனில், வழக்கமாக ஏப்ரல் 15-ல் வரும் ராபின்சன் தினத்தை ஆகஸ்ட் 28-ல் கொண்டாடினார்கள். அன்றைக்குத்தான் போஸ்மன் இறந்தார்.

1940-களின் பெண்கள் லீக் பற்றிய ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ படத்தில் சில விநாடிக் காட்சி ஒன்று உண்டு. மைதானத்துக்கு வெளியே உருண்ட பந்தைக் கறுப்பினப் பெண் ஒருத்தி எடுத்து எறிகிறாள். பிடித்தவளுக்குக் கை எரிகிறது. ஒரு வசனம் இல்லை. அந்த லீக் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவில்லை. அவர்களில் ஒருவரான டோனி ஸ்டோன் 1953-ல் கறுப்பின ஆண்கள் அணியில் இரண்டாம் பேஸ் ஆடினார்.

நீக்ரோ லீக்குகள் என்ன ஆயின?

கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக இருந்த லீக்குகள் அவை. ராபின்சனின் வெற்றியே அவற்றை முடித்தது. ரூப் ஃபாஸ்டர் 1920-ல் கட்டியெழுப்பத் தொடங்கிய உலகம் அது. அணி, டிக்கெட் விற்பவர், ஹோட்டல், பத்திரிகை எல்லாம் பெரும்பாலும் கறுப்பினத்தவர் கையில். ராபின்சனுக்காக அவருடைய பழைய அணியான கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ரிக்கி ஒரு டாலர் கொடுக்கவில்லை. நட்சத்திரங்கள் போனதும் ரசிகர்களும் போனார்கள்.

மாபெரும் அடிவீரர் ஜாஷ் கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். இன்னும் மூன்று மாதம் இருந்திருந்தால் அந்த ஏப்ரலைப் பார்த்திருப்பார். 2024-ல்தான் நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் பதிவேட்டில் சேர்த்தார்கள். இன்று வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதல் பெயர் கிப்சன், .372. அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 372 ஹிட் என்ற கணக்கு.

ராப்சன் குரலை எதில் தொடங்கிக் கேட்பது?

1936-ல் வந்த ‘ஷோ போட்’ படத்தின் ஆற்றுப் பாட்டு. மிசிசிப்பி ஆறு எதையும் சட்டைசெய்யாமல் ஓடுகிறது, மூட்டை சுமப்பவன் வாழ்ந்தும் சலித்தான், சாகவும் பயப்படுகிறான் என்று வரும். பிறகு வந்த கச்சேரிகளில் ராப்சன் அந்த வரியை மாற்றினார்: சாகும்வரை போராடிக்கொண்டே இருப்பேன். நியூயார்க்கில் அவரிடமிருந்து இந்தப் பாட்டை எடுத்துக்கொண்ட பூபேன் ஹசாரிகா, ஊருக்கு வந்து அசாமிய மொழியில் தன் ஆற்றைப் பார்த்துக் கேட்கும் பாட்டாக ஆக்கினார்.

படத்தில் பாடியதையும் பிற்காலக் கச்சேரிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கைபேசி ஸ்பீக்கரில் வேண்டாம். அந்தக் குரலின் அடிப்பாகம் அதில் வராது. நல்ல ஹெட்போன் இல்லையென்றால் யாரிடமாவது கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.